கிருமி சிறுநீர்ல, தடுமாற்றம் மூளையில: செப்சிஸ் பத்தி விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

செக்கானூரணி_மகன்:

வணக்கம். எங்க அம்மாவுக்கு 66 வயசு, சர்க்கரை இருக்கு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லி அனுப்புற யாவாரம். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தக் கடைக்கு எத்தனை கிலோன்னு எல்லாமே மனசுலயே வச்சிருக்கிற ஆளு.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி குளிர்காய்ச்சல் வந்துச்சு. நீர் போகையில எரியுதுன்னாங்க. மறுநாள் ராத்திரி பேச்சே மாறிப்போச்சு. எப்பவோ செத்துப்போன எங்க அத்தை வாசல்ல நிக்கிறதா நினைச்சு, "உள்ள வாங்க மதினி"ன்னு கூப்பிடுறாங்க. என்னைப் பார்த்து நீ யாருப்பாங்கிறாங்க. சொந்தக்காரங்க பாதிப்பேர் கோடாங்கி பார்க்கணும்னு நின்னாங்க. என் தங்கச்சிதான் 108-க்குப் போன் போட்டா.

மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில ஐசியு. பிபி இறங்கிப்போயி, அதை ஏத்துறதுக்கு மருந்து ஓடுச்சு. தலைக்கு சிடி எடுத்தாங்க, ஒண்ணுமில்லை. முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தாங்க, அதுலயும் கிருமி இல்லை. ஆனா டாக்டர், "யூரின் இன்ஃபெக்‌ஷன் செப்சிஸ் ஆயிருச்சு, மூளையும் பாதிச்சிருக்கு"ன்னார். கிருமியே போகாத இடம் எப்படிப் பாதிக்கும்? அதைக் கேட்கிறதுக்குள்ள அவர் அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். சர்க்கரைக்காரங்களுக்கு ஸ்டீராய்டு வேற போட்டாங்க.

இப்ப வீட்டுக்கு வந்தாச்சு. பூ கட்டுற கை பழைய வேகத்துலயே ஓடுது. கணக்குதான் நிக்க மாட்டேங்குது. யூடியூப்ல ஒருத்தர், கழுத்துல வேகஸ் நரம்பை அமுக்கி நீவிவிட்டா உடம்புல உள்ள அழற்சி பூராம் அடங்கிரும்ங்கிறார். அது நெசமா?


ஐசியு_சிஸ்டர்_மதுரை:

தம்பி, உங்க தங்கச்சிக்கு முதல்ல என் பாராட்டைச் சொல்லிருங்க. நான் ஐசியு நர்ஸ், டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ என்கிட்ட யோசனை கேட்காதீங்க. ஆனா இந்தத் தடுமாற்றத்தை ராத்திரி டூட்டியில பக்கத்துலயே நின்னு பார்க்கிறது நாங்கதான். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

கழுத்தை மட்டும் நீவாதீங்க. அதை முதல்லயே சொல்லிருறேன். அந்த இடத்துல மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் இருக்கு. வயசானவங்களுக்கு, அதுலயும் சர்க்கரைக்காரங்களுக்கு, உள்ளுக்குள்ள கொழுப்பு படிஞ்சிருக்கும். அமுக்கினா நாடித்துடிப்பு சட்டுன்னு இறங்கலாம், படிஞ்சது பேர்ந்துபோய் பக்கவாதம்கூட வரலாம்.

இப்ப உங்க கேள்விக்கு வாரேன். செப்சிஸ்னா, கிருமிக்கு எதிரா உடம்பு காட்டுற எதிர்ப்பே முறை தவறி உறுப்புகளைக் கெடுக்கிறது. அதுக்குக் கிருமி மூளைக்குப் போகணும்ங்கிற அவசியமே இல்லை. நீர்த்தாரையில வர்றது பெரும்பாலும் ஈ.கோலை. அதோட வெளித்தோல்ல எண்டோடாக்ஸின்னு ஒரு பொருள் இருக்கு. அது ரத்தத்துல கலந்ததும் நம்ம வெள்ளையணுக்கள் ஒரு வகை ஏற்பி வழியா அதைக் கண்டுபிடிக்கும். அந்த ஏற்பிக்குப் பேரு டிஎல்ஆர் 4. எண்டோடாக்ஸினை உணர்றது இதுதான்னு காட்டினதுக்காக புரூஸ் பாய்ட்லருக்கு 2011-ல் நோபல் பரிசுல பங்கு கிடைச்சது. கண்டுபிடிச்ச கையோட அந்த அணுக்கள் டிஎன்எஃப், இண்டர்லூக்கின் 1, இண்டர்லூக்கின் 6-னு சைட்டோகைன்களை, அதாவது சேதி சொல்ற புரதங்களைக் கொட்டும். மூளைக்கு வந்து சேர்றது கிருமி இல்லை, இந்தச் சேதிதான்.

சேதி வர்றதுக்கு வழி ஒண்ணு இல்லை. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல நெருக்கமான தடுப்பு ஒண்ணு இருக்கு. சில இடத்துல மட்டும் அது இயல்பாவே லேசா இருக்கும், அங்கிட்டு நுழையும். மூளையோட ரத்தக்குழாய்ச் சுவர் தானே புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருளைச் சுரந்து உள்ளே தள்ளும், அதுலதான் காய்ச்சல் ஏறுது. இன்னொரு வழி வயித்துலயும் நெஞ்சுலயும் இருந்து மேல போற வேகஸ் நரம்பு. காய்ச்சல்காரங்க சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம்னு ஒரு மூலையில சுருண்டு படுத்துக்கிறாங்க பாருங்க, அது மூளை திட்டம் போட்டுச் செய்யிற வேலை. அதுவரைக்கும் நல்லதுதான்.

கெடுதி எங்க ஆரம்பிக்குதுன்னா, அந்தத் தடுப்பே கசிய ஆரம்பிக்கையில. மூளைக்குள்ள மைக்ரோகிளியான்னு காவல் அணுக்கள் இருக்கு. ஸ்பெயின்காரர் ரியோ ஒர்த்தேகா 1919-ல் தனியாப் பிரிச்சுக் காட்டினது. அது உசுப்பேறி உள்ளேயும் சைட்டோகைன்களைச் சுரந்தா, நரம்பணுக்கள் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறது குழம்பிப்போகும். கூடவே பிபி இறக்கம், ஆக்ஸிஜன் குறைவு, சர்க்கரை ஏத்த இறக்கம், கிட்னி வெளியேத்தாத கழிவு, தூக்கமில்லாமை எல்லாம் சேர்ந்துக்கும். சிடில ரத்தக்கசிவு, கட்டி, பெரிய அடைப்பு மாதிரி விஷயங்கள்தான் தெரியும். இந்தக் குழப்பம் அதுல தெரியாது. மூளையோட மின்னலைகளைப் பதியுற இஇஜி எடுத்தா அலைகள் மந்தமா ஓடுறது தெரியலாம்.

இப்ப நீங்க கேட்காத கேள்வி ஒண்ணு. இம்புட்டு நடந்தும் பெரும்பாலானவங்களுக்குத் தெளிவு திரும்புதே, எப்படி? நம்ம ஊர்க் கண்மாய்க்குக் கலுங்கு வச்சிருக்கிற மாதிரிதான். தண்ணி அளவுக்கு மேல ஏறினா கரை உடையிறதுக்கு முன்னாடி அதுவாவே மறுகால் பாய்ஞ்சிரும். உடம்புலயும் அழற்சி ஏறுறப்பவே அதை இறக்குற ஏற்பாடும் கூடவே கிளம்பிருது. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்லை.

முதல்ல கார்டிசால்ங்கிற ஹார்மோன். ரத்தத்துல வர்ற இண்டர்லூக்கின்கள் மூளையில ஹைப்போதலாமஸைத் தட்டும், அது பிட்யூட்டரியைத் தட்டும், அது கிட்னி மேல உக்காந்திருக்கிற அட்ரீனல் சுரப்பியைத் தட்டும். அங்கிருந்து வர்ற கார்டிசால் ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் போய், சைட்டோகைன் தயாரிக்கிற மரபணுக்களை அடக்கும். பிபிக்கு மருந்து ஓடியும் நிக்கலைன்னா ஹைட்ரோகார்டிசோன்ங்கிற ஸ்டீராய்டு போடுறது இதுக்குத் துணையாத்தான். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் குடுப்பாங்க. சர்க்கரை ஏறும்தான், இன்சுலின் வச்சுப் பிடிச்சுக்கலாம். பிபி நிக்கலைன்னா எதை வச்சுப் பிடிக்க?

இதுல நம்ம பக்கம் ஒரு சிக்கல் இருக்கு. மூட்டுவலிக்குன்னு பொட்டலம் கட்டித் தர்ற பேர் தெரியாத மாத்திரையை வருஷக்கணக்கா முழுங்குறவங்க நிறைய. அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா சொந்த அட்ரீனல் சுருங்கிப்போய்க் கிடக்கும். செப்சிஸ் வர்றப்போ சுரக்க வேண்டிய கார்டிசால் சுரக்காது. நாங்க அட்மிஷன்ல "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க"ன்னு கேட்டா, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையைச் சொல்லிட்டுப் பொட்டலத்தைச் சொல்ல மாட்டாங்க. அதைச் சொல்லுங்கய்யா, கோவிச்சுக்க மாட்டோம்.

அடுத்தது மூளைக்குள்ளயே இருக்கிற கட்டுப்பாடு. நல்லா இருக்கிற நரம்பணு, ஃப்ராக்டல்கைன், சிடி 200-னு ரெண்டு புரதங்களை வச்சு மைக்ரோகிளியாவை எந்நேரமும் அமர்த்தியே வச்சிருக்கும். இது போக இண்டர்லூக்கின் 10, டிஜிஎஃப் பீட்டான்னு அடக்குற சுரப்புகள் தனியா வரும். இண்டர்லூக்கின் 1 போய் ஒட்டுற இடத்துல முன்கூட்டியே உக்காந்து மறிச்சுக்கிற ஒரு புரதத்தையும் உடம்பே தயாரிக்குது. கடைசியில கொழுப்பு அமிலத்துல இருந்து ரிசால்வின்னு ஒரு கூட்டம் உண்டாகி, செத்த அணுக்களை அள்ளிச் சுத்தம் பண்ணச் சொல்லும். வயசான எலிகளோட மூளையில அமர்த்தி வைக்கிற இந்தப் பிடி தளர்ந்திருக்கிறதா ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. ஒரே நீர்த்தாரைக் கிருமி முப்பது வயசுக்காரிக்கு வெறும் காய்ச்சலாப் போறதும், உங்க அம்மாவுக்கு மதினியை வாசல்ல கொண்டாந்து நிறுத்துறதும் கொஞ்சம் இதனாலதான் இருக்கும்.

மூணாவது வேகஸ் நரம்பு. அதை இன்னொருத்தர் எழுதட்டும், எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு.

ஒண்ணே ஒண்ணு. அம்மா மாதிரி கத்துறவங்களை எல்லாரும் கவனிச்சிருவாங்க. எனக்குப் பயம் சத்தமில்லாத ஆளுகளைப் பார்த்துத்தான். "சமத்தாப் படுத்திருக்காங்க சிஸ்டர்"ன்னு வீட்டாளுக சந்தோஷமாச் சொல்வாங்க. நாங்க எழுத்துகளை வரிசையாச் சொல்லி, குறிப்பிட்ட ஒரு எழுத்து வர்றப்போ மட்டும் கையை அழுத்தச் சொல்வோம். சமத்தா இருக்கிறவங்கள்ல பலபேருக்கு அது முடியாது. அதுவும் இதே தடுமாற்றம்தான், அமைதியா வருது.


தவளை_வாத்தியார்:

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சிஸ்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

1921-இல் ஓட்டோ லோவி தவளை இதயத்தை வைத்து ஒரு சோதனை செய்தார். வேகஸ் நரம்பைத் தூண்டியதும் இதயம் மெதுவானது. அந்த இதயம் நனைந்திருந்த நீரை எடுத்து இன்னொரு இதயத்தின் மேல் விட்டார், அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது என்பது அப்படித்தான் நிரூபணமானது. அதுதான் அசிடைல்கோலின். இதை எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். அதே பொருள் வெள்ளையணுக்களையும் அடக்கும் என்பது நான் நடத்திய பாடப்புத்தகத்தில் இல்லை.

2000-இல் கெவின் டிரேசியின் குழு எலிகளுக்கு எண்டோடாக்ஸின் செலுத்திவிட்டு வேகஸைத் தூண்டியது. டிஎன்எஃப் குறைந்தது, எலிகள் அதிர்ச்சி நிலைக்குப் போவதும் தடுக்கப்பட்டது. 2003-இல் வெள்ளையணுவின் மேல் அசிடைல்கோலின் ஒட்டும் இடம் தெரிந்தது: ஆல்ஃபா 7 ஏற்பி. ஆனால் மண்ணீரலுக்குப் போகும் நரம்பு சுரப்பதோ நோர்அட்ரீனலின் என்ற வேறொரு வேதிப்பொருள். அப்படியானால் அங்கே அசிடைல்கோலின் எங்கிருந்து வருகிறது? 2011-இல் விடை கிடைத்தது. மண்ணீரலில் இருக்கும் டி அணுக்கள் எனும் வெள்ளையணுக்களில் ஒரு வகையே அந்த நோர்அட்ரீனலினை ஏற்று அசிடைல்கோலினைச் சுரக்கிறது. நரம்பு செய்ய வேண்டிய கடைசி வேலையை ஒரு ரத்த அணு செய்கிறது. எனக்கு இதில் இன்னும் வியப்பு தீரவில்லை.

2024-இல் சார்லஸ் சூக்கரின் குழு ஒரு படி மேலே போனது. வேகஸ் கொண்டுவரும் செய்தி முதலில் இறங்கும் இடம் மூளைத்தண்டின் அடிப்பகுதி. எலியில் அங்கே உள்ள குறிப்பிட்ட நரம்பணுக்களை முடக்கினார்கள், அழற்சி கட்டுக்கடங்காமல் ஏறியது. அவற்றைத் தூண்டினார்கள், அடங்கியது. ஆகவே செப்சிஸில் மூளை வெறுமனே அடிவாங்கும் உறுப்பு அல்ல. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று வேகஸ் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அதற்கேற்ப ஏற்றவும் இறக்கவும் செய்கிறது. உடம்பில் சைட்டோகைன் குறைந்தால் மூளைக்குள் நுழைவதும் குறையும். இந்த வளையத்தால் மூளை தன்னையும் காத்துக்கொள்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

யூடியூப்காரர் விஷயம். இந்தச் சோதனைகள் பெரும்பாலும் சுண்டெலியிலும் எலியிலும் நடந்தவை. மனிதன் எண்டோடாக்ஸினுக்கு எலியைவிடப் பல மடங்கு எளிதில் விழுந்துவிடுவான். வேகஸைத் தூண்டும் சிறு கருவியை முடக்குவாதத்துக்கு (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) அமெரிக்காவில் 2025-இல் அனுமதித்தார்கள். அது அறுவை செய்து நரம்பின் மேல் பொருத்துவது, விரலால் நீவுவது அல்ல. செப்சிஸுக்கு அப்படி அனுமதி பெற்ற கருவி எதுவும் கிடையாது.


மேலூர்_மருமகள்:

எங்க மாமியாருக்கும் இதே கதைதான், காய்ச்சல், அப்புறம் உளறல். ஆனா அவங்களுக்கு உண்ணிக்காய்ச்சல்னாங்க. ஒரு டாக்டரம்மா வந்து உடம்பு பூராம் தேடி, இடுப்புக் கொசுவத்துக்குக் கீழ சிகரெட் சுட்ட மாதிரி கறுப்பா ஒரு பொருக்கைக் காட்டினாங்க. டாக்ஸிசைக்ளின் குடுத்ததும் காய்ச்சல் நின்னுச்சு. அதுவும் செப்சிஸா? சிஸ்டர், இந்த அழற்சிக்கு மஞ்சப்பால் குடுக்கலாமா?


ஐசியு_சிஸ்டர்_மதுரை:

வாத்தியாருக்கு நன்றி.

மேலூர் தங்கச்சி, அந்த டாக்டரம்மா கண்ணுக்கு ஒரு கும்பிடு. கொல்லை, புதர், வரப்புன்னு போற பொம்பளைகளுக்குக் கொசுவம் கட்டுற இடத்துல, அக்குள்ல, மார்புக்கு அடியில எல்லாம் அந்தப் பொருக்கு ஒளிஞ்சிருக்கும். அது வலிக்காது, அதனால அவங்களும் சொல்ல மாட்டாங்க. உங்க கேஸ் கொஞ்சம் வேற. அந்தக் கிருமி ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ளயே குடியிருக்கிறது, மூளையையும் அதோட உறையையும் நேராவே தாக்கும். சாதாரணமா செப்சிஸுக்கு முதல்ல போடுற செஃப்ட்ரியாக்சோன் மாதிரி ஊசி அதுகிட்ட வேலைக்கு ஆகாது. செக்கானூரணித் தம்பி அம்மாவுக்கு முதுகுநீர் எடுத்துப் பார்த்ததுக்குக் காரணம் இதுதான். கிருமி உள்ள போயிருக்கா, இல்லை வெளிய இருந்து சேதி மட்டும் வந்திருக்கான்னு பிரிக்கணும். ரெண்டுலயும் உறுப்பு கெட்டுப்போனா அதுக்குப் பேரு செப்சிஸ்தான். 2016-ல் வச்ச விளக்கம் அப்படி: கிருமிக்கு எதிரா உடம்பு காட்டுற எதிர்ப்பு முறை தவறி, உறுப்புகளைக் கெடுத்து, உயிருக்கு ஆபத்தாகிற நிலை.

மஞ்சப்பால் ருசிக்குக் குடிங்க. செப்சிஸை அடக்க ஆளுகொல்லி விலையில மருந்து தயாரிச்ச கம்பெனிகளே தோத்த இடம் இது. 1990-கள்ல டிஎன்எஃபை மட்டும் மறிக்கிற மருந்துகளைச் செப்சிஸ் நோயாளிகள்கிட்ட சோதிச்சாங்க, எதிர்பார்த்த பலன் வரலை. 2001-ல் ட்ரோட்ரெகோஜின்னு ஒண்ணு அனுமதி வாங்கி வந்துச்சு, மறுபடி சோதிச்சப்போ உயிரைக் காப்பாத்தலைன்னு தெரிஞ்சு 2011-ல் சந்தையில இருந்தே எடுத்துட்டாங்க. காரணம் யோசிச்சா ஆச்சரியமில்லை. அழற்சியை மொத்தமா அமுக்கினா கிருமியை யார் கொல்றது? உடம்பே அடக்குறதுல அளவு மீறிப் போயி, ரெண்டாவது வாரத்துல எதிர்ப்பே இல்லாமப் படுத்திருக்கிற நோயாளிகளையும் பார்க்கிறோம். செப்சிஸ்ல தப்பிச்சவர் அடுத்து வர்ற நிமோனியாவுல போயிருவார். அதனால இப்போதைக்குச் சிகிச்சைன்னா சீக்கிரமா ஆன்டிபயாட்டிக், பிபியைப் பிடிக்கிறது, சீழ் இருந்தா எடுக்கிறது, அடைப்பு இருந்தா நீக்குறது. கிருமியோட சுமை இறங்கினா அடக்குற வேலையை உடம்பு தானே முடிச்சிரும்.

தடுமாற்றத்துக்குன்னு தனி மருந்து கேட்பாங்க. ஹாலோபெரிடால் குடுத்தாலும் அது சீக்கிரம் தெளியறதில்லைன்னு 2018-ல் வந்த பெரிய சோதனையில தெரிஞ்சுபோச்சு. தூக்க ஊசிகள்ல சிலது அதைக் கூட்டவே செய்யும். நாங்க செய்யிறது சில்லறை வேலை மாதிரித்தான் தெரியும். கண்ணாடியை மாட்டிவிடு, காதுக்கருவியைப் போடு, பகல்ல திரையைத் திற, ராத்திரி விளக்கை அணை, இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நீங்க மதுரையில ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்லு, சீக்கிரமா எழுப்பி உக்கார வை. மகன் குரல், மக குரல் காதுல விழணும். பார்வை நேரம் அஞ்சு நிமிஷம்னு கறாராத் துரத்துற ஐசியுக்களோட எனக்கு இந்த விஷயத்துல ஒத்துப்போகாது.


செக்கானூரணி_மகன்:

ரொம்ப நன்றிக்கா, சார். இவ்வளவு விவரம் எனக்கு யாரும் சொன்னதில்லை. கடைசியா ஒண்ணு. கணக்கு திரும்ப வருமா? இன்சுலினை இதுவரைக்கும் அம்மாவே போட்டுக்கிட்டாங்க. யாவாரத்தை நானே பார்த்துக்கிறேன், நீங்க சும்மா இருங்கன்னு சொன்னேன். அதுல எம்மேல கோவமா இருக்காங்க.


ஐசியு_சிஸ்டர்_மதுரை:

கோவம் வருதா? நல்ல சேதி தம்பி.

பூ கட்டுறது கைப்பழக்கம், அது அவ்வளவு லேசுல போகாது. செப்சிஸுக்கு அப்புறம் அடிவாங்குறது பெரும்பாலும் கவனம், புது விஷயத்தை மனசுல நிறுத்தி வைக்கிறது, ரெண்டு மூணு வேலையை ஒண்ணாப் பார்க்கிறது. பாக்கிக்கணக்குக்கு இந்த மூணுமே வேணும். பலபேருக்கு மாசக்கணக்குல மெல்ல மெல்லத் தெளியும். எல்லாருக்கும் முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல வயசானவங்களை வச்சு 2010-ல் வந்த ஆய்வுல, மிதமா அல்லது கடுமையா நினைவுத்திறன் குறைஞ்சவங்க கடுமையான செப்சிஸுக்கு முன்னாடி 6.1 சதவீதம், பின்னாடி 16.7 சதவீதம். அந்த 16.7-ல அம்மா இருக்கணும்னு விதி ஒண்ணும் இல்லை.

அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்போ, நினைவுப் பரிசோதனை ஒண்ணு எழுதி வைக்கச் சொல்லுங்க, பின்னாடி ஒப்பிடலாம். பி12, தைராய்டு பார்க்கச் சொல்லுங்க. மெட்ஃபார்மின்ங்கிற சர்க்கரை மாத்திரையை ரொம்ப நாளாச் சாப்பிடுறவங்களுக்கு பி12 குறையலாம். கண்ணும் காதும் சரியா இருக்கான்னு பாருங்க. சாயங்காலம் நடக்க வைங்க. சர்க்கரை தாழ்நிலைக்குப் போகவே விடாதீங்க, மூளைக்கு அது தனி அடி.

இனிமே காய்ச்சலோட பேச்சு மாறினா, மூச்சு நிமிஷத்துக்கு 22-க்கு மேல வாங்கினா, நீர் போறது குறைஞ்சா, விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம், அப்பவே கிளம்பிருங்க. ஒருதடவை வந்தவங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். நீர் எரிச்சல்னு சொன்ன அன்னைக்கே யூரின் கல்ச்சர் குடுத்திருங்க.

யாவாரத்தைப் பூராவா பிடுங்காதீங்க. ரெண்டு கடைப் பாக்கியை மட்டும் அவங்ககிட்ட விடுங்க. நோட்டுல அவங்க கையாலயே எழுதட்டும், ராத்திரி நீங்க சரிபாருங்க. தப்பு குறையக் குறைய ஒவ்வொரு கடையாக் கூட்டிக்கிட்டே போங்க. இன்சுலினை மட்டும் இப்போதைக்கு உங்க தங்கச்சியோ நீங்களோ பக்கத்துல நின்னு, அளவைப் பார்த்துட்டுப் போடச் சொல்லுங்க. போட்டதையே மறந்துட்டு ரெண்டாந்தடவை போட்டுக்கிட்டு வந்தவங்களை எங்க வார்டுல பார்த்திருக்கேன்.